மேல் ஸ்தாயி ஸட்ஜம்

சித்தப்பாவுக்குக் காது போய்விட்டது என்று குடும்பம் முடிவு செய்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு ஆதாரமாக ஒரு காகிதமும் இருந்தது. திண்டுக்கல்லில் ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவர் எடுத்த ஆடியோகிராம், 4000 சைக்கிளுக்கு மேல் இரண்டு காதிலும் கோடு சரிந்து கீழே போவதைக் காட்டியது. முப்பது வருஷம் ஸ்பீக்கர் பெட்டிக்கு இரண்டடி தூரத்தில் நின்று கீபோர்டு வாசித்தவனுக்கு அப்படித்தான் இருக்கும். ஆகவே ஒரு நாள் அவர் அந்தப் பழைய ஸிந்தசைஸரை மேஜைமேல் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு, "இது சுருதி சேரலை. மேலே போகப் போக இறங்குது" என்றபோது வீட்டில் யாரும் அதை ஸிந்தசைஸரைப் பற்றிய வாக்கியமாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

அது 1979-இல் ஜப்பானில் செய்தது. கம்பெனிப் பெயரை எழுதுவதில் பிரயோஜனமில்லை. அந்தக் காலத்தில் எல்லோருமே ஏறத்தாழ ஒரே மாதிரிக் கபாஸிட்டர்களைத்தான் போட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் உழைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். முப்பத்தேழு கட்டைகள், இரண்டு ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர். நினைவுப் பொத்தான் எதுவும் கிடையாது. சித்தப்பா 1985-இல் பர்மா பஜாரில் ஒருவரைப் பிடித்து, சித்தியின் இரண்டு வளையலை வைத்துக் கடன் வாங்கி, அதை ஊருக்குக் கொண்டுவந்தார். அடியில் உள்ள தகட்டில் 100 வோல்ட் என்று போட்டிருக்கும், ஜப்பானில் வீட்டு மின்சாரம் அவ்வளவுதான். நம்முடைய 230-ஐ 100 ஆக இறக்க, ஊரிலேயே சுற்றிக்கொடுத்த ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், ஆறு கிலோ இருக்கும், தனியாக ஒரு துணிப்பையில் அவரோடு எல்லாக் கச்சேரிக்கும் போய்வந்தது.

மெல்லிசைக் குழுக்களைப் பற்றி நான் எட்டு வருஷத்துக்கு முன்பு இதே போன்ற ஒரு பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். நகல் கலை என்பது பற்றி. மூலத்தை மேடையில் திரும்பச் செய்து காட்டுகிறவனுக்கும் ரெக்கார்டு ப்ளேயருக்கும் உள்ள வித்தியாசம் சம்பளம் மட்டுமே என்று ஒரு வரி அதில் உண்டு. அந்த வரிக்காக நண்பர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, பி.ஏ. ஆங்கிலத்தில் படித்த இரண்டு கட்டுரைகளை நம்பி ஒரு தேசத்தின் கலையையே தீர்ப்புக்கு நிறுத்திவிடலாம் என்ற தைரியம் இருந்தது. எழுதும்போது சித்தப்பாவை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன், நினைத்துத்தான் எழுதினேன்.

நான் வேலை பார்ப்பது மதுரையில் ஒரு வங்கிக் கிளையில், காஷ் கவுண்டரில். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் விடுமுறை. அந்த நாட்களில் திண்டுக்கல் போய் ஸிந்தசைஸரைத் திறந்து பார்ப்பது என்று ஆரம்பித்ததற்குக் காரணம் பாசம் என்று சொல்ல முடியாது. அவர் மகன் அதைப் பழைய சாமான்காரனிடம் போடப்போவதாகச் சொன்னான். உள்ளூர் டி.வி. மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "ஐ.சி. போச்சு, இப்ப கிடைக்காது" என்று முடித்துவிட்டார். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பள்ளிக்கூட நாட்களிலிருந்து ஒரு வியாதி. மூடியைக் கழற்றிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

முதல் இரண்டு சனிக்கிழமைகளை வீணாக்கினேன். எப்படி வீணாக்கினேன் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

இந்த வகை ஸிந்தசைஸரில் ஒரு கட்டையை அழுத்தினால் அது ஒரு ஸ்வரத்தை உண்டாக்குவதில்லை, ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. கட்டைகளுக்கு அடியில் ஒரே மதிப்புள்ள ரெசிஸ்டர்கள் சங்கிலியாக இருக்கின்றன. ஒவ்வொரு கட்டையும் சங்கிலியின் ஒரு கண்ணியிலிருந்து அழுத்தத்தை எடுக்கிறது. ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்பது கணக்கு. ஆக ஒரு அரை ஸ்வரத்துக்கு 83 மில்லிவோல்ட்டும் சொச்சமும். ஆஸிலேட்டர் அந்த அழுத்தத்தை வாங்கி, ஒரு வோல்ட் ஏறும்போதெல்லாம் தன் அதிர்வை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்த, போர்டில் சின்னதாக ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். நான் கீழ் ஸாவைச் சேர்த்தேன். மேல் ஸா இறங்கியிருந்தது. ட்யூனர் காட்டிய அளவு அறுபது ஸெண்ட், அதாவது அரை ஸ்வரத்தில் பாதிக்கும் மேல். சித்தப்பா சொன்னது அப்படியே சரி. அந்த நிமிஷத்தில் அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். திருகைத் திருப்பி மேல் ஸாவை ஏற்றினேன். சேர்ந்தது. ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் மறுபடி இறங்கியிருந்தது. இரண்டாவது ஆஸிலேட்டரிலும் அதே. அதையும் திருகினேன். இரண்டு வாரம் கழித்து வந்து திரும்பவும் திருகினேன்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு ஆஸிலேட்டரும் தனித்தனிச் சுற்றுகள். ஒன்று மட்டும் பிசகினால் அதன்மேல் குற்றம் சொல்லலாம். இரண்டும் ஒரே திசையில், ஒரே அளவு பிசகினால், இரண்டுக்கும் பொதுவான எதுவோ பிசகியிருக்கிறது. இரண்டுக்கும் பொதுவானது கீபோர்டு. அதற்கும் அடியில், எல்லாவற்றுக்கும் பொதுவானது மின்சாரம். வங்கியில் இதை எனக்கு ஒரு பழைய ஹெட் காஷியர் வேறு பாஷையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கணக்கு டாலி ஆகவில்லை என்றால் உடனே வவுச்சர்களைப் புரட்டாதே, முதலில் வித்தியாசத்தைப் பார். அது ஒன்பதால் வகுபட்டால் யாரோ 63-ஐ 36 என்று இலக்கம் மாற்றிப் போட்டிருக்க இடமுண்டு. வித்தியாசத்துக்கு ஒரு முகம் உண்டு. நான் முகத்தைப் பார்க்காமல் வவுச்சர்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை நான் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சித்தப்பா ஈஸிசேரிலிருந்து எழுந்து வந்தார். எந்தக் கட்டையையும் அழுத்தாமல் வால்யூமை மட்டும் ஏற்றச் சொன்னார். ஸ்பீக்கரில் ஒரு முனகல் கேட்டது, எப்போதும் இருப்பதுதான். ஸ்பீக்கர் பழசு என்று நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஜி-யிலே நிக்குது. ஒரு நூல் ஏத்தமா."

"என்ன சித்தப்பா?"

"இரைச்சல்தான்டா. ஜி-யிலே இருக்கு. கோவில் கச்சேரியிலே ஆம்ப்ளிஃபயர்லே வர்ற இரைச்சல் இதுக்கு ஒரு ஸ்தாயி கீழே. அதுவும் ஜி தான். இது அந்த இரைச்சல் இல்லே, வேற."

இதை நான் புரிந்துகொள்ளக் காகிதமும் பேனாவும் தேவைப்பட்டது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சைக்கிள். அந்த அதிர்வை ஸ்வரமாகக் கேட்டால் மிகத் தாழ்ந்த ஜி, கொஞ்சம் ஏறியது. அதன் இரட்டிப்பு 100. மேற்கத்தியக் கணக்கில் அந்த இடத்து ஜி 98 சைக்கிள். 100 என்பது அதைவிட முப்பத்தைந்து ஸெண்ட் மேலே, அதாவது ஒரு நூல் ஏற்றம். (அமெரிக்காவில் 60 சைக்கிள், அங்கே இந்த இரைச்சல் 120, பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் சரியாக நடுவில் விழுகிறது. அந்த நாட்டு இரைச்சலுக்கு நம் கட்டைகளில் இடமே இல்லை.) 50-இல் முனகினால் எர்த் சரியில்லை, அல்லது பக்கத்து வயரிலிருந்து கசிகிறது, அல்லது மின்சாரத்தை ஒருவழிப்படுத்தும் நான்கு டயோடுகளில் ஒன்று செத்திருக்கலாம். 100-இல் முனகினால் டயோடுகள் உயிரோடு இருக்கின்றன. அலையின் இரண்டு பாதியும் வந்துசேர்கிறது. ஆனால் வந்த மேடு பள்ளத்தை நிரப்பிச் சமன்செய்ய வேண்டிய கபாஸிட்டர் வேலை செய்யவில்லை. பாதி ரோக நிர்ணயத்தை அவர் நின்றபடி சொல்லி முடித்துவிட்டார், 4000-க்கு மேல் எதுவும் கேட்காத அந்தக் காதால். 4000-க்கு மேலே ஸ்வரம் ஏது? பியானோவின் கடைசிக் கட்டையே ஏறத்தாழ அங்கேதான் முடிகிறது. ஆடியோகிராமை வாசித்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

அதன் பிறகு ஒழுங்காகச் செய்தேன். முதலில் சீரிஸ் பல்பு. இது எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் வைத்திருக்கிற பலகைதான்: 60 வாட் குண்டு பல்பு ஒன்று மின்சாரத்துக்கும் எந்திரத்துக்கும் நடுவில் தொடராக. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, எந்திரத்தைத் தன் உடம்பால் காப்பாற்றும். இல்லையென்றால் ஒரு நொடி மின்னி மங்கிப்போகும். மங்கியது. பிளக்கைப் பிடுங்கி, கபாஸிட்டர்கள் வடியக் காத்திருந்து, ஃப்யூஸைப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குமேல் சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாள் நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. அரை ஆம்பியரில் அறுந்திருக்க வேண்டியது. இந்தத் தாளுக்கு வீடே எரிந்தாலும் கவலையில்லை.

"எந்தப் படுபாவி பண்ணினது இது?" என்றேன்.

"நான்தான்" என்றார் சித்தப்பா. "வத்தலக்குண்டுலே ஒரு கல்யாணம். ஜெனரேட்டர்காரன் என்ன பண்ணினானோ, நாலாவது பாட்டுலே ஃப்யூஸ் போயிடுச்சு. அடுத்த பாட்டுக்கு ஃப்ளூட் பிட் இருக்கு. நிறுத்த முடியுமா?"

அது எந்த வருஷம் என்று அவருக்கு நினைவில்லை. குறைந்தது இருபத்தைந்து வருஷம் அந்தத் தாள் அங்கே இருந்திருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே இரண்டாகப் பிரிக்கிறார்கள்: பூஜ்யத்துக்கு மேலே 15 வோல்ட், கீழே 15 வோல்ட். 1970-இல் வந்த மினிமூக்கில் இது பத்தும் பத்துமாக இருந்தது. பிற்பாடு பெரும்பாலோர் பதினைந்துக்கு வந்துவிட்டார்கள். ரெகுலேட்டர் என்கிற சுற்று இந்தப் பதினைந்தைக் காவல் காக்கிறது. ஆனால் காவலுக்குக் கொஞ்சம் உபரி வேண்டும்: பதினைந்தைக் கொடுக்க, உள்ளே வருவது எப்போதும் பதினேழு பதினெட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கபாஸிட்டர் வற்றிவிட்டால், அலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் வரவு அந்த எல்லைக்குக் கீழே போய்வருகிறது, விநாடிக்கு நூறு தடவை. ரெகுலேட்டர் நூறு தடவை தடுக்கி விழுந்து எழுகிறது. அந்தத் தடுமாற்றம்தான் சித்தப்பாவின் ஜி.

வற்றுவது என்றால் நிஜமாகவே வற்றுவது. எலக்ட்ரோலிட்டிக் கபாஸிட்டருக்குள் அலுமினியத் தாளும், திரவத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ரப்பர் மூடி வழியாகத் திரவம் வருஷக்கணக்கில் ஆவியாகிறது. வாசித்தாலும் ஆவியாகும், வாசிக்காமல் பரண்மேல் வைத்தாலும் ஆவியாகும். வாசிக்காமல் வைத்தால் இன்னொரு கேடு: அலுமினியத்தின்மேல் படிந்துள்ள மெல்லிய ஆக்ஸைடு படலம் மின்னழுத்தம் இல்லாமல் நலிந்துபோகிறது. பத்து வருஷம் கழித்து ஒருநாள் ஆசையாக ஸ்விட்சைப் போடுகிறவன் அதன் கழுத்தை முறிக்கிறான். 1000 மைக்ரோஃபாரட் என்று உறையில் எழுதியிருந்த இரண்டைக் கழற்றி அளந்தேன். ஒன்று 700 சொச்சம். மற்றது 300 கூட இல்லை. மதுரையில் ஒரு கடையில் வாங்கி வைத்திருந்த புதியவற்றைப் போட்டேன், துருவம் மாறிவிடாமல் மூன்று தடவை பார்த்து, மாறினால் வெடிக்கும்.

இரைச்சல் போய்விட்டது. சித்தப்பா மேல் ஸாவை அழுத்தினார். "இன்னும் சேரலே."

மல்ட்டிமீட்டரை வைத்தேன். 15 இருக்க வேண்டிய இடத்தில் 14.25. சூடாக ஆகக் கடைசி இலக்கம் ஆடியது. ரெகுலேட்டருக்கு எது பதினைந்து என்று சொல்லிக் கொடுக்க ஒரு சின்னத் திருகு உண்டு. அதை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் லேசாகத் தட்டினால் எண் குதித்தது. திருகுக்குள் ஓடும் தொடுமுனையில் நாற்பது வருஷக் களிம்பு. 15-க்கு 14.25 என்றால் நூற்றுக்கு ஐந்து குறைவு. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நூற்றுக்கு ஐந்து குறைவு. ஒரு ஸ்தாயிக்கு 1200 ஸெண்ட். அதில் ஐந்து சதவீதம் அறுபது. கீழே ஒன்றும் தெரியாது, மேலே போகப் போகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

திருகை மாற்றினேன். 15.00. எதிர்ப்பக்கம் அதைப் பார்த்துத் தானாகவே 14.98-இல் வந்து நின்றது. இனிமேல்தான் என் முதல் இரண்டு சனிக்கிழமைகளின் பலன் வெளியே வந்தது. குறைந்த மின்சாரத்துக்குப் பொருந்தும்படி நான் இரண்டு ஆஸிலேட்டரின் இரட்டிப்புத் திருகுகளையும் திருப்பி வைத்திருந்தேன் அல்லவா, இப்போது மின்சாரம் சரியானதும் மேல் ஸா ஏறிக் கத்தியது. அவை 1979-இல் யாரோ ஒரு தொழிலாளி சரியாக வைத்து அனுப்பியவை. அளவுகோலில் கோளாறே இருக்கவில்லை, நான்தான் உண்டாக்கினேன்.

திருகுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. சித்தப்பா மேலும் கீழுமாக ஸாவை அழுத்திக்கொண்டிருந்தார். நான் ட்யூனரைப் பார்க்காமல் அவர் தலையசைப்பைப் பார்த்துத் திருகினேன். நடுவில், என்னைப் பார்க்காமலே, சொன்னார்:

"நீ எழுதினதைப் படிச்சேன், அப்பவே. உங்க அப்பா கொண்டுவந்து காட்டினார், பெருமையா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நகல்ங்கிறது சரிதான். நாங்க எப்ப இல்லேன்னோம்? ஆனா ரெக்கார்டு ப்ளேயர்னு எழுதியிருந்தே. இதுலே ஞாபகப் பொத்தான் கிடையாதுடா. பல்லவி முடிஞ்சு சரணம் வர்றதுக்குள்ளே வயலினைக் கலைச்சு ஃப்ளூட் பண்ணணும். ஏழு குமிழ். மூணு விநாடி. இருட்டுலே."

குமிழ்களைச் சுற்றிப் பேனலில் சிவப்பும் ரோஜாவுமாகச் சின்னப் புள்ளிகள் இருந்ததை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். துரு எடுக்கும்போது அவற்றையும் அழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். சித்தியின் நகப்பூச்சு. சிவப்பு வயலினுக்கு, ரோஜா ஃப்ளூட்டுக்கு. மூன்றாவதாக ஒரு ஊதா இருந்தது, அது எதற்கு என்று அவருக்கும் மறந்துவிட்டது.

இந்தியாவில் எலக்ட்ரானிக் இசையின் சரித்திரம் என்று இப்போது நாம் பேசுகிறோம். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் ட்யூடர் மூக் ஸிந்தசைஸரைக் கொண்டுவந்து நிறுவியது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய் முதலியோர் அதில் செய்த ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் அலமாரியிலேயே கிடந்து, பிரிட்டிஷ் கலைஞர் பால் புர்காஸ் அவற்றைக் கண்டெடுத்து, 2023-இல் தொகுப்பாக வெளிவந்தது. பம்பாயில் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ரோலண்ட் கருவிகளில் வாசித்தது, அது விலைபோகாமல் 2010-இல் மறுபதிப்பானது. இரண்டையும் நான் மிகுந்த பரவசத்தோடு கேட்டவன். அகமதாபாத் நாடாக்களைப் பற்றி எழுதக் குறிப்புகள்கூட எடுத்து வைத்திருக்கிறேன். கண்டெடுக்கப்படுவதற்கு நாடா வேண்டும். வத்தலக்குண்டுக் கல்யாணத்தை யாரும் பதிவு செய்யவில்லை. அது பதிவாகியிருந்தாலும் அதில் அதிசயமாக ஒன்றும் இருந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சித்தப்பாவை மேதையாக்குவது அந்தப் பழைய கட்டுரையைவிட மோசமான காரியம். நகலைப் பற்றி நான் சொன்னதில் பெரும்பகுதியை இன்றும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. விட்டுக்கொடுப்பது அந்த ஒரு வரியை. எல்லோரும் கை குலுக்கியது அந்த வரிக்குத்தான் என்பது எனக்கு மறக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு எல்லாம் சேர்ந்தது. சித்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இப்ப சரியாக் கேக்குதா உங்களுக்கு?" என்று உரக்கக் கேட்டார், காது போனவரிடம் கேட்கிற மாதிரி. அவர் பதில் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: "சித்தி, அவருக்கு முன்னாடியும் சரியாத்தான் கேட்டுச்சு." சித்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மகனுக்கும் அன்று ராத்திரி ஃபோனில் இதை விளக்க முயன்றேன், 14.25, அறுபது ஸெண்ட் எல்லாம் சொல்லி. "சரிண்ணே, ஆனா டாக்டர் ரிப்போர்ட் இருக்கே" என்றான்.

ஒரு கோளாறு பாக்கி. நடு ஸ்தாயியில் எஃப் கட்டை சில சமயம் பேசுவதில்லை. அடியில் உள்ள தொடுகம்பி கறுத்திருக்க வேண்டும். சித்தப்பா அதைத் தவிர்க்க எல்லாவற்றையும் அரைக்கட்டை ஏற்றி வாசித்துக்கொண்டிருக்கிறார். வருகிற நான்காம் சனிக்கிழமை ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலும், பழைய டூத் பிரஷ் ஒன்றும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். பேனலைத் துடைக்கக் கூடாது என்றும்.